எல்சியின் போணி

காலடிப்பேட்டையில் ஜெபசிங் அண்ணாச்சியின் கைராசி பேர்போனது. அவர் கையால் போணி ஆகாமல் மீன்காரி எல்சி அடுத்த தெருவுக்கு நகரவே மாட்டாள். அதே கைதான் நேற்று கோர்ட்டில் திவால் மனுவில் கையெழுத்துப் போட்டது. அண்ணாச்சி மஞ்சக்கடுதாசி கொடுத்துவிட்டார் என்று தெருவே பேசியது. இன்று மளிகைக்கடை ஷட்டர் ஏறவில்லை. ஆனாலும் எல்சியின் குரல் கேட்டதும், பழக்கதோஷம், நூறு ரூபாயும் பாத்திரமுமாக வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

எல்சி நாலு சங்கராவை அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள். நீட்டிய நோட்டைத் தொடவில்லை.

"காசு வேணா அண்ணாச்சி. சும்மா எடுத்துக்கினு போ."

"நான் என்ன பிச்சையா கேட்டேன்? காசப் புடி எல்சி."

அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கோச்சுக்காத அண்ணாச்சி. இன்னும் போணி ஆவல."