நிக்கிற வண்டி

ஜீப்புக்கு அடியில் முதலில் நுழைந்தது அவளுடைய கோபம்தான். பின்னாலேயே அவளும் நுழைந்தாள்.

பட்டறையின் நடுவில், அடிச்சட்டத்துக்குக் கீழே முக்காலிகள் கொடுத்து ஜீப்பை நிறுத்தியிருந்தார்கள். சுவரோரம் அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய புது டயர்கள், முரட்டுப் பல்லோடு அடுக்கியிருந்தன. பழைய டயரைவிட நாலு அங்குலம் பெரியவை. அப்படியே மாட்டினால் மட்கார்டில் இடிக்கும். இடிக்காமலிருக்க வண்டியைத் தூக்க வேண்டும். தூக்க ஒரு லிஃப்ட் கிட் வேண்டும்.

நாளைக் காலையிலிருந்து மலைமேல் இருக்கும் செல்போன் டவர்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வேலை அவளுக்கு. எத்தனையோ பேரிடம் சொல்லி, ஓட்டிக் காட்டி, வாங்கிய வேலை. எந்த கிட் என்பதை மட்டும் புருஷனிடம் விட்டிருந்தாள். புருஷன் மெக்கானிக். பட்டறையே அவனுடையது. வேறு யாரிடம் விடுவாள்?

விட்டது தப்பு.

"என்னடா இது?"

முன்பக்க ஸ்பிரிங்கின் தலையில் தடிமனாக ஒரு இரும்பு வட்டம் உட்கார்ந்திருந்தது.

"கட்டை, அண்ணி," என்றான் கொழுந்தன். உதிரி பாகக் கடை வைத்திருப்பவன். வாயைத் திறந்தால் தள்ளுபடி என்பதால் வீட்டிலேயே அவனுக்கு டிஸ்கவுண்ட் என்றுதான் பெயர்.

"கட்டைன்னு கண்ணு இருக்கிற எல்லாருக்கும் தெரியும். வண்டியைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். நீள ஸ்பிரிங், நீள ஷாக், நீள பிரேக் ஹோஸ்னு முழு செட் உன் கடையில கிடக்குதே, அது எங்க?"

"அதைத்தான் அண்ணி தூக்கிட்டு வந்தேன். வேன்லயே இருக்கு. அண்ணன்தான் வேணாம், கட்டை போதும்னுட்டாரு." அவள் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்: "ஆனா சும்மா சொல்லக்கூடாது அண்ணி. போட்டோ எடுத்தா யானை மாதிரி இருக்கும்."

"நான் என்ன ஊர்வலமா போறேன்?"

முன் ஆக்சிலுக்குக் கீழே கொடுத்திருந்த ஜாக்கியின் கைப்பிடியைத் தளர்த்தினாள். ஆக்சில் மெல்ல இறங்கியது. குழியில் சக்கரம் தொங்கும்போது எப்படி இருக்குமோ அப்படி. பாதி தூரம் இறங்குவதற்குள் பிரேக் எண்ணெய் ஓடும் ரப்பர் ஹோஸ் விண்ணென்று இழுத்துக்கொண்டது. விரலால் சுண்டினாள். தம்பூரா மாதிரி அதிர்ந்தது.

தார் ரோட்டில் இந்தக் குறை கண்ணுக்கே தெரியாது. மலைப் பாதையில் ஒரு பள்ளம் போதும். ஹோஸ் பிய்ந்தால் பிரேக் மிதி தரையில் போய் உட்காரும். அதற்கப்புறம் மிதிப்பதற்கு ஒன்றுமில்லை.

அவளுக்குப் புரியாதது ஒன்றுதான். ஒரு வாஷர் மாற்றுவதற்கே நாலு கடை ஏறி இறங்கும் மனுஷன் இவன். எப்படி இதைப் போட்டான்?

வாசலில் புருஷன் குரல் கேட்டது. பளபளவென்று மெழுகு போட்ட வண்டியோடு யாரோ வந்திருந்தார்கள்.

"சார், லிஃப்ட் பண்ணணும். பெரிய டயர்."

"பண்ணலாம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. நிக்கிற வண்டியா, ஓடுற வண்டியா?"

"புரியலையே."

"காடு மேடுன்னு ஓட்டுவீங்களா, இல்ல கண்காட்சியில நிறுத்துவீங்களா?"

"அட, ஷோரூம் வாசல்ல நிறுத்தத்தான் சார்."

"அப்ப கட்டை போதும். செலவு மிச்சம். மறந்தும் மேட்டுல ஏத்திடாதீங்க."

ஜீப்புக்கு அடியில் அவள் அப்படியே கிடந்தாள். வருகிற ஒருத்தரையும் அவன் இந்தக் கேள்வி கேட்காமல் விட்டதில்லை. அவளிடம் மட்டும் கேட்கவில்லை. ஏனென்றால் பதிலை அவனே முடிவு செய்துவிட்டான்.

உருண்டு வெளியே வந்தாள். முதுகெல்லாம் கிரீஸ்.

"ஏய்யா!"

அவன் திரும்பினான். 'ஏங்க' போய் 'ஏய்யா' வந்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். ஷோரூம்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "அப்புறம் வரேன்" என்று நழுவினார்.

"என் வண்டி நிக்கிற வண்டியா?"

"என்னம்மா, வந்ததும் வராததுமா..."

"கேட்டதுக்குப் பதில்."

"அது எங்க மலைக்குப் போகப் போ..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் போனை எடுத்தாள். டவர் கம்பெனி சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"மேடம்? உங்களுக்கு முதுகுல டிஸ்க் நழுவி எழுந்திருக்கவே முடியலைன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே? நாங்க வேற ஆள் தேடிட்டு இருக்கோம்."

டிஸ்கவுண்ட் கூரையைப் பார்த்தான்.

"டிஸ்க் ஏறிடுச்சு சார். அஞ்சரைக்கு வண்டியோட நிப்பேன். நீங்களே அடியில படுத்துப் பார்த்துக்குங்க. பிடிக்கலைன்னா திருப்பி அனுப்புங்க."

வைத்தாள்.

"அந்த மலைப் பாதையில ஒருத்தன் வண்டியோட உருண்டான்," என்றான் அவன். "ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தது நான். நீ பார்க்கல. எனக்குத் தூக்கமே இல்ல."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கணும். ராத்திரி பூரா உட்கார்ந்து சண்டை போட்டிருப்பேன். எனக்கு முதுகு ஒடிஞ்சதுன்னு ஊர்ல சொல்ல நீ யாருய்யா?"

"உன் நல்லதுக்கு..."

"நல்லதா? இங்க வா." அவன் சட்டையைப் பிடித்து ஜீப்பிடம் இழுத்துப் போனாள். "சுண்டு."

அவன் ஹோஸைத் தொட்டான்.

"டவர் வேலை கிடைக்கலைன்னா நான் வீட்ல உட்கார்ந்துடுவேனா? கல்குவாரிக்கு ஓட்டியிருப்பேன். ஆத்துக்குள்ள இறங்கியிருப்பேன். என் புருஷன் மாட்டினதாச்சேன்னு நம்பி இறங்கியிருப்பேன். மலை என்னைக் கொல்லும்னு பயந்து, நீயே அந்த வேலையைப் பார்த்து வச்சிருக்க!"

அவன் முகத்தில் இதுவரை இருந்த நியாயமெல்லாம் ஒரே நொடியில் வடிந்துபோனது. அவன் உண்மையிலேயே அதை யோசிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"முழு செட்டை எடுத்துட்டு வாடா," என்று தம்பியிடம் சொன்னான்.

"பத்து பர்சென்ட் கம்மி பண்ணி..."

"டிஸ்கவுண்ட்!" என்றாள் அவள். அவன் வேனுக்கு ஓடினான்.

கட்டைகள் கழன்று தரையில் விழுந்தன. நீள ஸ்பிரிங் ஏறியது. நீள ஷாக் ஏறியது. புது ஹோஸ் மாட்டி, பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினான். வண்டி இரண்டரை அங்குலம்தான் உயர்ந்தது. மட்கார்டின் உள்விளிம்பை அவன் வெட்டித் தேய்த்தான். டயருக்கு வழி கிடைத்தது. ஒவ்வொரு நட்டாக அவன் முறுக்கி முடித்ததும் அவளும் ஒரு முறை முறுக்கிப் பார்த்தாள். ஒரு நட்டும் கால் சுற்றுகூட நகரவில்லை. அதற்காக ஒரு நல்ல வார்த்தை அவள் சொல்லவில்லை.

ஆக்சிலை முழுக்க இறக்கினாள். ஹோஸ் தொளதொளவென்று தொங்கியது.

"இப்ப சரியா?" என்றான்.

"நாளைக்கு முதல் ட்ரிப்புல சொல்றேன். நீயும் வர்ற. என் பக்கத்து சீட்ல உட்காரு. உன் வேலையையும் பாரு, நான் ஓட்டுறதையும் பாரு. அப்புறம் யாருக்கு வேணா போன் பண்ணு."

"அப்ப பட்டறை?"

"நான் வேணா பார்த்துக்கறேன் அண்ணி," என்று டிஸ்கவுண்ட் ஆரம்பித்தான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பூட்டு," என்றாள் புருஷனிடம்.