செவலைகள் பயப்படுவதில்லை

மூன்றாவது முட்டையைக் கூடையில் வைக்கும்போதுதான் மருமகளின் விரலில் அந்த வரி தட்டுப்பட்டது. முட்டையின் இடுப்பைச் சுற்றி, பெல்ட் கட்டிவிட்டது போல ஒரு மேடு. முதல் இரண்டையும் எடுத்துத் தடவினாள். அவற்றிலும் இருந்தது.

கூடத்தில் மாமனாரைக் கிடத்தியிருந்தார்கள். சாவு வீடு என்று கோழிக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு முட்டை போடும், யாராவது போய் எடுத்துத்தான் ஆக வேண்டும். "நான் போறேன்" என்று அவளாகவே எழுந்து வந்திருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அவளுக்கு வாய் வறண்டு போயிருந்தது.

"நெஞ்சுவலி. ஒரு நொடியில போயிட்டாராம். டாக்டர் சொன்னாரு."

முந்தின நாள் சாயங்காலம் தீவனம் வைக்கக் கோழிக் கொட்டகைக்குப் போனவர் திரும்பவில்லை. மாமியாரும் புருஷனும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வந்து தேடியபோது தீவன டிரம்முக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார்.

"உனக்குச் சத்தம் ஏதும் கேக்கலையா?" என்று புருஷன் அப்போதே கேட்டான்.

"இல்லங்க."

கேட்டது. ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் கோழிகள் கத்தின. வெள்ளைகளாக இருக்கும் என்று நினைத்தாள். வெள்ளைக் கோழிகளுக்கு அலறுவதற்குக் காரணமே வேண்டாம். "ஈ பறந்தாலும் இதுங்களுக்கு இடி விழுந்த மாதிரிதான். செவலை அப்படியில்ல. கூரையே விழுந்தாலும் ஒரு கண்ணைத் தொறந்து பாத்துட்டு மறுபடி தூங்கிடும்" என்று மாமனார் சொல்லிச் சிரிப்பார். அதையே நினைத்துச் சிரித்தபடி அவள் ஒரு கையைத் தைத்து முடித்தாள். கத்தல் நிற்கவில்லை. அடுத்த கையையும் தைத்து முடித்தாள்.

அந்த வரிக்கு இந்த வீட்டில் பயத் தழும்பு என்று பேர். இருட்டுகிற நேரத்தில் கோழி மிரண்டால், வயிற்றுக்குள் ஓடு கட்டிக்கொண்டிருக்கும் முட்டை விரிசல் விட்டுவிடும். விரிசலை அதுவே ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலையில் தழும்போடு வெளியே வரும். போன வருஷம் வாசலில் லாரி டயர் வெடித்தபோது வெள்ளைகள் இட்டதில் பாதிக்கு மேல் தழும்புதான். செவலைகளின் முட்டைகளோ ஒன்றுவிடாமல் வழவழவென்று இருந்தன.

இதுவரை எடுத்தவை வெள்ளைகளின் முட்டைகள். விழுந்திருப்பார், டிரம் மூடியும் கூடவே விழுந்திருக்கும், வெள்ளைகளுக்கு அது போதாதா என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, கம்பி வலைக்கு அந்தப் பக்கம், செவலைகள் முட்டையிடும் பெட்டிக்குள் கை விட்டாள்.

முதல் முட்டையில் தழும்பு. அடுத்ததிலும். பெட்டி பெட்டியாகத் தடவிக்கொண்டே போனாள். எல்லாவற்றிலும் இருந்தது.

கிளிஞ்சல் தொட்டியைப் போய்ப் பார்த்தாள். தீனியில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலும் ஓடு கெடும். தொட்டி குறைவாக இருக்கக் கூடாதா என்று மனசு கெஞ்சியது. விளிம்பு வரை நிறைந்திருந்தது.

ஒரு நொடியில் போகவில்லை. கிடந்திருக்கிறார். கையையும் காலையும் அடித்துக்கொண்டிருக்கிறார். செவலைகளே மிரளுகிற அளவுக்குக் கூப்பிட்டிருக்கிறார். யாரைக் கூப்பிட்டிருப்பார்? வீட்டில் அவள் ஒருத்திதானே இருந்தாள்.

கூடையின் மேல் சாக்கைப் போட்டு மூடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், முட்டைக்காரரிடம் முட்டையை மறைக்க முடியுமா? துக்கம் கேட்க வந்த முட்டை வியாபாரி, கை கழுவப் பின்பக்கம் வந்தவர், பழக்க தோஷத்தில் சாக்கை விலக்கிவிட்டார்.

"என்னம்மா இது, எல்லாத்துலயும் வரி ஓடியிருக்கு? இனத்தை மாத்தினீங்களா, தீனியை மாத்தினீங்களா?"

குரல் கேட்டுப் புருஷன் வந்தான். அவனுக்குப் பின்னால் மாமியாரும் வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. கூடையிலிருந்து ஒரு செவலை முட்டையை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினாள். கிளிஞ்சல் தொட்டியைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்குள் தையல் மெஷின் தெரிந்தது, அதன்மேல் அந்த ஜாக்கெட்டும்.

மருமகள் சாக்கை இழுத்து மறுபடி கூடையை மூடப் போனாள்.

"தீனிதான்" என்றாள் மாமியார். "கிளிஞ்சல் போட மறந்துட்டேன்."

வியாபாரி மாமியாரை ஆச்சரியமாகப் பார்த்தார். ஓடு மெல்லிசாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னதற்காக, "என் தீனியைக் குறை சொல்ற வாய்க்கு என் முட்டை எதுக்கு?" என்று இதே மனுஷி அவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். தொண்டையைச் செருமிக்கொண்டு கூடத்துப் பக்கம் நடந்தார்.

"இப்ப அதுவாம்மா முக்கியம்?" என்று புருஷனும் போய்விட்டான்.

"அத்தை…" என்றாள் மருமகள்.

"கூட்டம் வருது. போய் நாற்காலி எடுத்துப் போடு."

மதியத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வீடு காலியானதும் மாமியார் குளித்துவிட்டு வந்து கூடையோடு உட்கார்ந்தாள். தழும்பு முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பாத்திரத்தில் ஊற்றினாள். ஓடுகளைக் கழுவி அம்மியில் நொறுக்கித் தீனியில் கலந்தாள்.

"இதைப் போய் வச்சுட்டு வா. இருட்டறதுக்குள்ள."

மருமகள் தீனியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அவள் நிழல் பட்டதும் வெள்ளைகள் சிதறி ஓடின. செவலைகள் வழக்கமாகக் காலைச் சுற்றிக்கொண்டு வரும். இன்று ஒன்றுகூட வரவில்லை. பின்சுவரோடு ஒட்டி நின்று, தீவன டிரம்மின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. டிரம்முக்குப் பக்கத்தில், அவர் கிடந்த இடத்தில் குனிந்துதான் தொட்டியில் தீனி கொட்ட வேண்டும். குனிந்தாள்.

அப்போது தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்தாள். ஜன்னலுக்குள் விளக்கு எரிந்தது. மாமியார் மெஷின் முன்னால் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கு அடியில் துணி இல்லை. கண் கொட்டகையின் மேலேயே இருந்தது.

கொட்டகையில் அந்தச் சத்தம் ஒவ்வொரு தையலாகத் தெளிவாகக் கேட்டது.