மாவு டின்னின் அடியில்

சோளமாவு டின்னை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்தத் தடித்த தாள்களை அடியில் செருகிவிட்டு, சங்கவ்வா டின்னை மெல்ல இறக்கினாள். பதினைந்து கிலோ மாவு. தாள்மேல் பாரம் ஏற்றக் கூடாது என்று பிரெய்ல் வகுப்பு ரோகிணி டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தாள். "புள்ளி நசுங்கிடும் அக்கா. நசுங்கினா எங்களுக்கு அது வெத்துக் காகிதம்." சங்கவ்வாவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்ததால்தான் வைத்தாள்.

அவள் கணவர் குருசித்தப்பா ஹூப்ளி ரயில்வே பணிமனையில் பெட்டிகளின்மேல் எண்ணும் எழுத்தும் தீட்டியவர். சர்க்கரை அவர் கண்ணைத் தின்று நாலு வருடம் ஆகிறது. அதில் மூன்று வருடத்துக்கு மேல் அவள்தான் அவருக்குக் கண். காலையில் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரைக்கும் படித்துக் காட்டுவாள். அவர் முகத்தை அவள் குரலின் பக்கம் திருப்பி வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் அவளை அப்படிக் கவனித்ததே இல்லை. யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம் அது.

எட்டு மாதத்துக்கு முன்னால் பிரெய்ல் வகுப்பில் சேர்ந்தார். இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து, விரலை ஓட்டிக்கொண்டு தானாகச் சிரிக்கிறார். என்ன சிரிப்பு என்று அவள் கேட்க வேண்டியிருந்தது. கேட்டுத் தெரிந்துகொண்ட சிரிப்பு அவளுக்கு ருசிக்கவில்லை.

ஆனாலும் டின்வரைக்கும் அவளைக் கொண்டுவந்தது போன மாதம் வகுப்பில் டீச்சர் சொன்ன விஷயம்தான். டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் அவளை மிஷினுக்குள் படுக்க வைத்து, பிரெய்ல் படிக்கச் சொல்லி, மூளையைப் படம் எடுத்தார்களாம்.

"கண்ணுக்குன்னு பின்மண்டையில ஒரு எடம் இருக்காம் அக்கா. எனக்கு ஒரு நாளும் தொறக்காத வீடு அது. படத்துல பார்த்தா, உள்ள விரல் குடித்தனம் நடத்துதாம். விளக்கெல்லாம் போட்டுக்கிட்டு."

"எனக்கும் அப்படித்தானா?" என்று குருசித்தப்பா ஆவலாகக் கேட்டார்.

"உங்களுக்கும் ஆரம்பிச்சிருக்கும். பழைய குடித்தனக்காரங்க சாமான் கொஞ்சம் கெடக்கும். அதெல்லாம் தன்னால ஓரமாப் போயிடும்."

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். சங்கவ்வா சிரிக்கவில்லை. அந்தப் பழைய சாமானில்தானே அவள் முகமும் இருக்கிறது?

அன்று சாப்பாட்டின்போது ரொட்டியைப் பிய்த்து அவர் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள். "என் மூஞ்சி ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"இருக்கே. இல்லாம எங்க போகும்?"

பதில் வந்துவிட்டது. ஆனால் அது வருவதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருந்தது. அவர் எங்கேயோ தேடிவிட்டு வந்த மாதிரி. பாத்திரம் கழுவும்போதும் துணி உலர்த்தும்போதும் பல நாள் அந்த இடைவெளியையே அவள் அளந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவர் மத்தியானங்களில் எழுத ஆரம்பித்தார். சட்டத்தில் தாளைப் பொருத்தி, குத்தூசியால் தக் தக் என்று வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போவார். அவள் கிட்டே வந்தால் உள்ளங்கையால் மூடுவார். "என்ன அது?" என்றால், "பாடம்" என்பார். தொட்டால்தான் தெரியும் எழுத்தைக் கண் இருக்கிறவளிடமிருந்து எதற்கு மூட வேண்டும்? டீச்சருக்கு எழுதுகிறார் என்றே அவள் முடிவு செய்தாள்.

அவர் வகுப்புப் பையில் இருந்த அத்தனை தாளும் மூன்று நாள் டின்னுக்கு அடியில் கிடந்தன. பை மட்டும் தண்ணியில் நனைந்துவிட்டது, தாளில் ஈரம் படவில்லை, பை காய்ந்ததும் தருகிறேன் என்று அவரிடம் சொல்லி வைத்தாள். நாலாம் நாள் காலையில் எடுத்துக் கொடுத்தாள்.

அவர் விரலை வைத்தார். எடுத்துச் சட்டையில் தேய்த்தார். மறுபடி வைத்தார். இன்னொரு தாள், அதற்கடுத்த தாள். பிறகு தாள்களைச் சேர்த்து அடுக்கி ஓரமாக வைத்தார்.

"டாக்டர் சொன்னது நடந்துபோச்சு சங்கவ்வா. சர்க்கரையில கால் மரத்த மாதிரி விரலும் மரத்துப்போச்சு."

அவள் தாள்களை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"டீச்சர்கிட்ட சொல்லிடு, நான் இனிமே வரலைன்னு. இந்த வெளிச்சமும் எட்டு மாசந்தான்போல."

அவள் வேண்டியது இதுதான். மறுநாள் காலையில் பேப்பரை விரித்துப் படித்தாள். அவர் முகம் பழையபடி அவள் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் சுட்டுவிரல் மட்டும் வேட்டிமேல் இடமிருந்து வலமாக எதையோ தேடிக்கொண்டே போனது. வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திப் பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை.

மத்தியானம் அவர் படுத்த பிறகு தாள்களையும் புள்ளிக்குப் பக்கத்தில் அச்செழுத்தும் போட்டு டீச்சர் கொடுத்திருந்த எழுத்து அட்டையையும் எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்கு வந்தாள். சாய்ந்து விழுந்த வெயிலில் நசுங்கிய புள்ளிகளுக்குக்கூட மெல்லிய நிழல் இருந்தது. அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். முதல் வரிக்கே அரை மணி நேரம் ஆனது.

இடது புருவத்தில் வெட்டு.

ஏழு வயதில் ஊஞ்சல் பலகை பட்டது. அவள் கை தானாகப் புருவத்துக்குப் போனது.

சிரித்தால் மேல் ஈறு தெரியும். கையால் மறைத்துக்கொள்வாள்.

அடுத்த வரி "வலது கன்னத்தில்" என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் தாள் வழவழவென்றிருந்தது. வெயிலுக்கு எப்படித் திருப்பிப் பார்த்தாலும் நிழல் விழவில்லை.

பிறகு துண்டை மடித்துப் போட்டு, தாளை அதன்மேல் கவிழ்த்தாள். பின்பக்கம் குத்தினால்தான் முன்பக்கம் எழும்பும். தடம் மிச்சமிருந்த இடங்களில் குத்தூசியை வைத்து அழுத்தினாள். தக். தக். ஒவ்வொன்றும் எழுந்ததா என்று தாளைத் தூக்கி விரலால் தொட்டுப் பார்த்தாள். சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டால் நன்றாகத் தெரிந்தது.

"யாரு அங்க எழுதறது?" உள்ளிருந்து குருசித்தப்பாவின் குரல் வந்தது.

அவள் வழவழப்பான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். குத்தூசியை அங்கே ஊன்றியபடி, கண்ணைத் திறக்காமல், இடது கை விரலால் தன் வலது கன்னத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். அவர் எதைப் பார்த்து வைத்திருந்தாரோ, அங்கே எதுவும் தட்டுப்படவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே போனாள்.

கட்டில் கிரீச்சிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு ஒரு கை வரும் ஓசை கேட்டது.