பாட்டரி இறங்கிய காரணம்

முத்திருளன் செல்ஃப் ஸ்டார்ட்டரை அழுத்தினான். அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாகக் கார் முனகிவிட்டு அடங்கிப்போயிற்று. முன்னால் ஹேண்டில் போட்டு என்ஜினைச் சுற்றலாமென்றால், முந்தாநாள் அது திருப்பி அடித்ததில் வலது மணிக்கட்டு வீங்கி, டாக்டரே கட்டுப் போட்டுவிட்டிருந்தார். கடைசியில் கம்பவுண்டரும் பால்காரரும் பின்னாலிருந்து தள்ள, சிம்மக்கல் தெருவில் பாதி தூரம் உருண்ட பிறகுதான் என்ஜினுக்கு உயிர் வந்தது.

டாக்டர் பட்டாபிராமனிடம் அவன் பதினொரு வருஷமாக டிரைவர். வீட்டோடு ஒட்டிய சிறிய ஆஸ்பத்திரி. அறுவை வைத்தியத்தில் அவர் கைக்கு மதுரையில் பெயர் உண்டு. அந்தக் கை போகிற ஊருக்கெல்லாம் அதைக் கொண்டுபோவது தானே என்று முத்திருளனுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அதனால்தான் டாக்டரின் மனைவி அகிலாண்டம்மாள் அன்று கூடத்தில் நின்று சொன்னது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. ராத்திரி வண்டி எங்கேயோ சவாரி போய்விட்டு வருகிறது போலிருக்கிறது, இல்லாவிட்டால் நிறுத்தின வண்டிக்கு எப்படிப் பாட்டரி இறங்கும் என்றாள் அவள். அவன் பெயரைச் சொல்லவில்லை. டாக்டர் ஊஞ்சலில்தான் உட்கார்ந்திருந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்வார் என்று முத்திருளன் காத்து நின்றான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மைல் மீட்டர் காட்டிய எண்ணை, கார் நிற்கும் கொட்டகைக் கதவில் சாக்கட்டியால் எழுதி வைத்துவிட்டு வில்லாபுரத்திலிருந்த தன் வீட்டுக்கு நடந்தான். காலையில் அதே எண்தான் இருந்தது. பாட்டரி மட்டும் இறங்கியிருந்தது. அந்த எண்ணை வந்து பார்க்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

ஒர்க்‌ஷாப் ஜெயக்கொடி பாட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஏற்றி, இரண்டு நாள் பெஞ்சிலேயே வைத்திருந்து பார்த்தான். ஒரு பொட்டும் இறங்கவில்லை. டைனமோவும் சரியாக இருந்தது.

“எங்கயாவது வயர் தொட்டுக்கிட்டு இருக்கணும். இல்ல, யாராவது ராத்திரி லைட்டப் போடணும். சாயங்காலம் பாட்டரில ஒரு வயரக் கழட்டி வச்சிட்டுப் போண்ணே. காலைல தெரிஞ்சுபோகும்.”

முத்திருளன் அப்படியே செய்தான். மறுநாள் காலையில் பானெட்டைத் தூக்கினால், கழற்றி வைத்த வயர் மறுபடி மாட்டியிருந்தது. ஸ்பானர் போடாமல் விரலால் முறுக்கிய முறுக்கு. பாட்டரி தீர்ந்திருந்தது.

ஆக, ஆள்தான். கொட்டகைக்கு இரண்டு சாவி. ஒன்று அவன் இடுப்பில், இன்னொன்று கூடத்து ஆணியில். வெளியாள் வர வழியில்லை. வண்டியைத் தள்ளி வெளியே எடுத்துவிட்டுக் கொட்டகையை மூலை மூலையாகப் பார்த்தான். எதிர்ச் சுவர் ஓரத்தில் பெட்ரோல் தகரங்களுக்குப் பின்னால் ஒரு சாக்குப்பை கிடந்தது. அவிழ்த்தபோது வாழைமட்டைகள். வாடினதும் பச்சையுமாகப் பத்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் கத்தியால் நேராக ஒரு கீறல். கீறலைச் சேர்த்துக் கறுப்புப் பட்டு நூலால் தையல்.

அந்த நூல் அவனுக்குத் தெரியும். அந்த முடிச்சும் தெரியும். எத்தனையோ வீடுகளில் டாக்டர் காயத்தைத் தைக்கும்போது விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறான். வெயிலில் உட்கார்ந்து மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். வாடிக் கறுத்துப்போன மட்டைகளில் தையல் பல் வரிசை மாதிரி இருந்தது. பச்சையானவற்றில் அது கீறலைவிட்டு விலகி விலகிப் போயிருந்தது. நேற்று வெட்டியதாகத் தோன்றிய மட்டையில் நாலு தையல் கீறலைத் தொடவே இல்லை. பக்கத்து வெறுந்தோலைப் பிடித்து இழுத்துக் கட்டியிருந்தது.

வீட்டுப் பல்பைவிடக் காரின் முன்விளக்குக்குத்தான் வெளிச்சம் அதிகம். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்தும் இப்படி.

முத்திருளன் மட்டைகளைத் திரும்பச் சாக்குப்பையில் போட்டான். அகிலாண்டம்மாள் சொன்ன சொல்லெல்லாம் எங்கோ போய்விட்டது. அவன் மனைவி சீனியம்மாளுக்குக் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. வெள்ளிக்கிழமை டாக்டர் எடுப்பதாக நாள் குறித்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று யார் சொன்னாலும் அவள் கேட்கவில்லை. ஐயா கையென்றால்தான் கழுத்தைக் கொடுப்பேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சாக்குப்பையைப் பழைய இடத்திலேயே வைத்தான். வயரை ஸ்பானர் போட்டு இறுக்கினான்.

புதன்கிழமை கொட்டாம்பட்டியில் ஒரு காய்ச்சல்காரரைப் பார்க்கப் போனார்கள். எப்போதும்போல் டாக்டர் முன்சீட்டில், அவன் பக்கத்தில். மேலூர் தாண்டும் வரைக்கும் முத்திருளன் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினான். சொல்லிவிட்டால் பதினொரு வருஷ வேலை போகலாம். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

“ஐயா, பாட்டரி எதுனால எறங்குதுன்னு தெரிஞ்சுபோச்சுங்க.”

டாக்டர் திரும்பவில்லை. யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். இல்லையென்றான். பிறகு அவர் கையை நீட்டிப் பாதையோரத்தைக் காட்டினார்.

“வரதே, அந்த மைல்கல்லு. அதிலே என்ன போட்டிருக்கு?”

“இருவத்தொண்ணுங்கய்யா.”

“எனக்குக் கல்லே தெரியலை. இங்கே ஒண்ணு இருக்கணும்னு ஞாபகம், அதான் கேட்டேன்.”

வண்டி மெதுவாயிற்று. முத்திருளன் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான். சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கிவிட்டது, மதராசில் காட்டியாயிற்று, செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றார் டாக்டர். அகிலாண்டத்துக்குத் தெரியாது. இன்றைக்குத் தையல் சரியாக வரும், இன்றைக்கு வரும் என்று தினமும் ராத்திரி கொட்டகையில் போய் உட்கார்ந்ததாகச் சொன்னார். குழந்தை ஒப்பிப்பது மாதிரி மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“உன்மேல பழி வந்தப்போ நான் வாயைத் திறக்கல்லே, முத்திருளா. அது தப்பு.”

ஆனாலும் அவன் கேட்க வந்ததைக் கேட்டான்.

“நான் இதச் சொல்லலைன்னா, வெள்ளிக்கெழம அவளுக்கு நீங்களே செஞ்சிருப்பீகளா?”

டாக்டர் தம் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார்.

“தெரியலை” என்றார். “செஞ்சிருக்க மாட்டேன்னு சொல்லத்தான் ஆசையா இருக்கு.”

அவனுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் அந்தக் கைகளைப் பார்த்ததும் எங்கே போய் உட்காருவதென்று தெரியாமல் நின்றது. பெரிய ஆஸ்பத்திரி சர்ஜனுக்கு இன்றைக்கே எழுதுகிறேன், அறுக்கும்போது நானும் அவள் தலைமாட்டில் நிற்கிறேன், பயப்படாமல் வரச் சொல் என்றார் டாக்டர். அவகிட்ட நீங்களே சொல்லுங்கய்யா, நான் சொன்னா நம்பமாட்டா என்றான் முத்திருளன். சரியென்றார். கொட்டாம்பட்டியில் காய்ச்சல்காரரின் நாடியைப் பிடித்தும், முதுகைத் தட்டிக் கேட்டும் பார்த்து, மருந்தின் பெயரை வாயால் சொல்லி வீட்டுக்காரர்களை எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர்களுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஒரு கண்மாய் ஓரமாக வண்டி வந்தபோது டாக்டர் நிறுத்தச் சொன்னார். இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தார்.

“எவ்வளவு கொக்கு” என்றார். முகத்தில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது.

முத்திருளனும் பார்த்தான். வண்ணார் துவைத்துக் காயப்போட்ட துணிகள் கரை நெடுக விரிந்து கிடந்தன. ஆமாங்கய்யா என்று சொல்லிவிட ஒரு கணம் நாக்கு வந்தது.

“கொக்கு இல்லைங்கய்யா. வேட்டி காயுது.”

டாக்டர் கையைக் கீழே இறக்கவில்லை. “எத்தனை?” என்று கேட்டார்.

அவன் அவர் பக்கத்தில் போய் நின்று எண்ணத் தொடங்கினான். கண்மாய்க் காற்று எழுந்தது. கல் வைக்காத ஒரு வேட்டி ஓரம் தூக்கி, கரையைவிட்டுக் கிளம்பி, தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து போயிற்று.