அறுக்கவா, மச்சான்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து கர்ணனின் உடல் சின்னமனூர் வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். தெருவே வாசலில் நின்றது. வேனின் முன்சீட்டிலிருந்து முத்துராமலிங்கம் இறங்கினார். பதினோரு நாள் தாடி, கசங்கிய சட்டை, காலில் யாரோ கொடுத்த ரப்பர் செருப்பு. அவரைப் பார்த்ததும் பெண்களின் அழுகை ஒரே குரலாக எழுந்தது.

"மச்சினன் உடம்ப விட்டுட்டு வரமாட்டேன்னு பதினோரு நாளு அந்தச் சீமையில ஒத்தையாக் கெடந்து கொண்டாந்திருக்காக. கூடப் பொறந்தவன்கூடச் செய்யமாட்டான்" என்று பந்தலுக்கடியில் ஒருவர் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். அந்தப் பேச்சு அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

பெட்டியை உள்ளே தகடு வைத்து மூடி, மேலே முத்திரை போட்டிருந்தார்கள். கர்ணனின் அம்மா சோணையம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மொகத்த மட்டும் ஒருக்கா காட்டச் சொல்லுங்க மாப்ள."

"வேணாம் அத்தே. மூணு நாளு தண்ணியில..." முத்துராமலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சோணையம்மாள் பெட்டியின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். முல்லையாற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகும்வரை யாராலும் அவளை எழுப்ப முடியவில்லை.

முத்துராமலிங்கத்துக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். தண்ணீர் எங்கே கண்டாலும் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்காருகிற ஆள். லோயர் கேம்ப்பில் தண்ணீர் திறந்துவிட்டால் கால்வாயோரம், ஞாயிற்றுக்கிழமையானால் வைகை அணை. சிங்கப்பூரிலிருந்து சுருள் வைத்த தூண்டில் ஒன்று வரவழைத்திருந்தார். அணையில் ஒருமுறை பதினெட்டு கிலோ கட்லா பிடித்து, அதைத் தோளில் போட்டுப் படம் எடுத்து மண்டியில் மாட்டியிருந்தார். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிறபோதெல்லாம் அவருக்குத் திருப்தியைவிட ஏக்கம்தான் அதிகமாக வந்தது. இன்னும் பெரிதாக ஒன்று. ஆளைவிடப் பெரிதாக ஒன்று.

2006இல் ஒரு கல்யாணத்துக்காக மலேசியாவிலிருந்து ராஜமணி என்பவர் உத்தமபாளையம் வந்தார். தாத்தா காலத்தில் கப்பலேறிப் போன குடும்பம். பகாங் கடற்கரையில் ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு, மீன் பிடிப்பதற்கென்றே நாடு நாடாகச் சுற்றும் ஆட்களைப் படகில் கடலுக்குக் கூட்டிப்போவது அவர் தொழில். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த முத்துராமலிங்கத்திடம் மயில்மீனைப் பற்றிச் சொன்னார். முதுகில் தோகை மாதிரி விரியும் துடுப்பு, ஈட்டி மாதிரி மூக்கு, தூண்டிலில் மாட்டினால் ஆள் உயரத்துக்குத் தாவும்.

"பிடிச்சு என்ன செய்வீக?"

"படம் எடுத்துக்கிட்டு விட்டுருவோம். கொல்றதில்ல."

முத்துராமலிங்கத்துக்கு அன்றிரவு சாப்பிட்டதே நினைவில்லை. இரண்டு வருடம் அதே பேச்சாக இருந்தார். மனைவி ஹேமாவதிக்கு அலுத்துவிட்டது. கடைசியில் 2008 செப்டம்பரில் டிக்கெட் போட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு. ஒருமுறை மண்டியிலேயே மயங்கி விழுந்திருக்கிறார்.

"ஒத்தையில போகாதீக. தம்பியையும் கூட்டிட்டுப் போங்க. மாத்திரையவாச்சும் எடுத்துக் குடுப்பான்" என்றாள் ஹேமாவதி.

கர்ணனுக்கு மீன் பிடிப்பதில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. மண்டியில் மச்சானுக்கு வலதுகையாக இருந்தவன், இருபத்தொன்பது வயது, வாய் நிறையச் சிரிப்பான். விமானத்தில் ஏறலாம் என்றதும் சரியென்றுவிட்டான். மனைவி கிருபாவதிக்கு ஒரு சேலையும் நான்கு வயது மகள் திரிஷாவுக்கு ஒரு பேசும் பொம்மையும் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் மாட்டவில்லை. மூன்றாம் நாள் மதியம், மயில்மீனுக்குப் போட்ட தூண்டிலில் வேறெதுவோ மாட்டியது. தூரத்தில் தண்ணீர் பிளந்து கறுத்த முதுகொன்று முழுதாக மேலெழும்பி விழுந்தது. ராஜமணி "மார்லின், மார்லின்" என்று கத்தினார். மயில்மீன் வகையிலேயே மிகப் பெரியது அது. இருபது வருடத் தொழிலில் இவ்வளவு பெரிதை அவரே இரண்டு தடவைதான் பார்த்திருந்தாராம்.

தூண்டில் கம்பின் அடியை இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு, படகின் பின்முனையில் கால் ஊன்றி நின்றார் முத்துராமலிங்கம். கர்ணன் பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மிதவைச் சட்டை கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றிப் போட்டிருந்தான். இரண்டரை மணி நேரம். மீன் தூண்டில் நரம்பை இழுத்தது, இவர் சுருட்டினார், மறுபடி இழுத்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. கர்ணன் அவர் வாயில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினான்.

வடகிழக்கில் வானம் கறுத்ததை யாரும் சொல்லாமலே எல்லாரும் பார்த்தார்கள். காற்று மாறியது. அலை பின்பக்கமாகப் படகில் ஏற ஆரம்பித்தது. படகோட்டி ஒரு மலாய்க்காரர். அவர் ராஜமணியிடம் ஏதோ கத்தினார். ராஜமணி கத்தியை எடுத்துக் கர்ணன் கையில் கொடுத்தார்.

"நரம்ப அறுத்துருங்க தம்பி. மீன் பின்னால கட்டி இழுக்கிற வரைக்கும் படகத் திருப்ப முடியாது."

கர்ணன் ஒரு கையால் மச்சானைப் பிடித்துக்கொண்டு மறுகையில் கத்தியோடு எட்டிப் பார்த்தான்.

"அறுக்கவா, மச்சான்?"

"நரம்புல கத்தி பட்டுச்சுன்னா, நீ எங்கூட ஊருக்கு வரவேணாம். இங்கனயே கெட."

கர்ணன் சிரித்தான். கத்தியைக் கீழே வைத்தான். அதற்கடுத்த அலையில்தான் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. இடுப்பைச் சுற்றியிருந்த பிடி திடீரென்று இல்லாமல் போனதை முத்துராமலிங்கம் உணர்ந்தார். திரும்பிப் பார்த்தார். தண்ணீரில் ஒரு கை தெரிந்தது, மறைந்தது, கொஞ்சம் தள்ளி மறுபடி தெரிந்தது. ராஜமணி மிதவை வளையத்தை வீசினார். எட்டவில்லை. "விடுங்க ஐயா, தூண்டில விடுங்க" என்று அவர் அலறியதும் காதில் விழுந்தது.

கை விடவில்லை. இருபது எண்ணுகிற நேரம் இருக்கும். கர்ணனைப் பார்த்துக்கொண்டே, கம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி முத்துராமலிங்கம் நின்றார். பிறகு நரம்பு தானாகவே அறுந்தது. படகு திரும்பியது. திரும்பிப் போன இடத்தில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மீனவர்கள் வலையில் உடல் கிடைத்தது. போலீசில் முத்துராமலிங்கம் "பெரிய அலை, திடீரென்று" என்றார். ராஜமணி தன் பிழைப்பை நினைத்தோ என்னவோ அதையே சொன்னார். ஊரிலும் அதுவே கதையாயிற்று.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு கிருபாவதி அவரிடம் வந்தாள். இருபத்தாறு வயதுப் பெண். நெற்றி வெறுமையாக இருந்தது.

"அண்ணே, கடைசியா அவுக ஏதாச்சும் சொன்னாகளா?"

முத்துராமலிங்கத்துக்கு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மை வரவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லவும் வரவில்லை.

"ஒம் பேரச் சொல்லிக் கூப்பிட்டான்மா."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஏதோ ஒரு நிம்மதி மாதிரி தெரிந்தது. நல்ல காரியம்தான் செய்தோம் என்று அன்று அவர் நினைத்தார்.

ஆனால் அந்தப் பொய் வளர்ந்தது. கிருபாவதி அதை மாமியாரிடம் சொன்னாள், தெருவில் சொன்னாள், குழந்தையிடம் சொன்னாள். "எங்கப்பா கடலுக்குள்ள போறப்ப எங்கம்மா பேரச் சொன்னாரு" என்று திரிஷா மண்டிக்கு வந்து வாழைத்தாரில் சாய்ந்துகொண்டு சொல்வாள். வேலையாட்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முத்துராமலிங்கம் எழுந்து குடோன் பக்கம் போய்விடுவார். தூண்டிலைத் தொடுவதில்லை. கட்லா படத்தை இறக்கிவிட்டார். சாப்பாடு குறைந்தது. மச்சினன் மேல் அவ்வளவு உசுரு என்று அதற்கும் புகழ்ந்தார்கள்.

பத்து மாதம் ஆனது. தேவதானப்பட்டியிலிருந்து கிருபாவதியின் அப்பா வந்தார். தாலியறுத்த பெண்ணுக்கு மறுபடி கட்டிவைக்கிற, அறுத்துக் கட்டுகிற வழக்கம் அவர்கள் சனத்தில் உண்டு. பெரியகுளத்தில் உரக்கடை வைத்திருக்கும் ஒருவர், மனைவி இறந்தவர், குழந்தையையும் தன் பிள்ளையாக வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கிருபாவதி கேட்க மறுக்கிறாள்.

"சாகும்போதும் எம் பேரச் சொன்ன மனுசனுக்குத் துரோகம் பண்ணச் சொல்றியான்னு கேக்குறா. நீங்க சொன்னாக் கேப்பா தம்பி. ஒங்க மேலதான் அவளுக்கு மரியாத" என்றார் பெரியவர்.

அவர் போன பிறகு முத்துராமலிங்கம் மண்டியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கர்ணனைக் கடலுக்குக் கொடுத்தது போதாதென்று, தான் சொன்ன ஒரு வார்த்தை அவன் பெண்டாட்டியையும் வெறும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறது. மறுநாள் மதியம் மாமியார் வீட்டுக்குப் போனார். சோணையம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கிருபாவதி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கிருபா, அவன் ஒம் பேரச் சொல்லலம்மா."

முறம் நின்றது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வானம் கறுத்தது, ராஜமணி கத்தி கொடுத்தது, கர்ணன் கேட்டது. "இங்கனயே கெட" என்று தான் சொன்ன வார்த்தையையும் சொன்னார். கை விடாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் சொல்லவில்லை.

கிருபாவதி அழவில்லை.

"இத இப்ப எதுக்குச் சொல்றீக?"

"அந்தப் பொய்ய நம்பி நீ ஒத்தையா..."

"அவுகளத்தான் புடுங்குனீக. ராத்திரி படுத்தா அவுக என்னயக் கூப்பிட்டாகங்கிற நெனப்பு ஒண்ணுதேன் எனக்கு இருந்துச்சு. அதையும் புடுங்கிட்டீகளே அண்ணே." சொல்லிவிட்டு உளுந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "எங்கிட்டச் சொன்னாப் போதாது. வருச தெவசத்தன்னைக்கு எல்லாரும் இருப்பாக. மதினிக்கும் அத்தைக்கும் முன்னால சொல்லுங்க. சொல்லலைன்னா நாஞ் சொல்லுவேன்."

திவசத்தன்று படையல் முடிந்து இலை போட்டார்கள். பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹேமாவதி சோறு வைத்துக்கொண்டு வந்தாள். முத்துராமலிங்கம் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் அப்படியே எழுந்து நின்றார். கிருபாவதி அடுப்படி நிலையில் சாய்ந்து அவரையே பார்த்தாள்.

சொன்னார். கோர்வையாக வரவில்லை. சொல்லி முடித்தபோது யாரோ ஒருவர் கையை உதறிவிட்டு எழுந்தார். அப்புறம் இன்னொருவர். செருப்புத் தேடும் சத்தம் வாசலில் கேட்டது. ஹேமாவதி சோற்றுச் சட்டியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

சோணையம்மாள் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தபடியே கேட்டாள்.

"அந்த மீனாச்சும் கெடச்சுச்சா மாப்ள?"

"இல்ல அத்தே. நரம்பு அத்துப் போச்சு."

"எப்ப அத்துச்சு?"

ஒரு வருடமாகப் போலீசோ ஊரோ கேட்காத கேள்வி.

"அவன் விழுந்த பெறகு."

"பெறகுன்னா?"

"கொஞ்ச நேரங் கழிச்சு."

சோணையம்மாள் விரலால் தரையில் ஏதோ கோடு போட்டாள்.

"அப்ப எம்மகன் தண்ணியில கெடக்கையில, நீ மீன இழுத்துக்கிட்டு நின்னுருக்க."

பத்தொன்பது வருடத்தில் மாமியார் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. அவர் ஆமாம் என்றார். அந்தச் சொல் வெளியே கேட்டதா என்று அவருக்கே தெரியவில்லை. ஹேமாவதி சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, கை படாத அவர் இலையைச் சோற்றோடு மடித்து எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

கிருபாவதி அந்தத் தையில் குழந்தையோடு தேவதானப்பட்டிக்குப் போய்விட்டாள். 2010 ஆவணியில் உரக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள் என்று பெரியகுளத்துக்கு லோடு கொண்டுபோன டிரைவர் சொல்லித்தான் முத்துராமலிங்கத்துக்குத் தெரியும். அது நல்லதுதான் என்று நினைத்தார். நினைத்ததை யாரிடமும் சொல்லிக்கொள்ள ஆளில்லை.

ஹேமாவதி வீட்டை விட்டுப் போகவில்லை. வேளைக்குச் சமைத்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஒரே ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள், "கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னவ நாந்தேன்" என்றாள், அவரைப் பார்க்காமல். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் குழாயைத் திறந்துவிட்டாள்.

மாதம் பிறந்தால் ஒரு சிப்பம் அரிசியும் ஒரு வாழைத்தாரும் எடுத்துக்கொண்டு சோணையம்மாள் வீட்டுக்கு அவரே போவார். உள்ளே ஆள் இருக்கும் சத்தம் கேட்கும். கதவு திறக்காது. வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். அடுத்த மாதம் போகும்போது அந்த இடம் காலியாக இருக்கும். தாரிலிருந்து ஒரு பழம்கூட அழுகிக் கிடக்காது. அரிசியைக் கிழவி உலையில் போடுகிறாளா, வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறாளா என்று அவர் ஒருபோதும் விசாரிக்கவில்லை.