அண்ணன் கதைக்கு ஒரு ஒன்லைன்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பேர். சின்ன வயதில் அண்ணன் வைத்தது. முப்பது தாண்டியும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "கடைசி வரி தெரியுதா பாருங்க" என்று நாள் முழுக்க வருகிறவர்களைக் கேட்பாள். மிச்ச நேரத்தில் திரைக்கதை எழுதுவாள். எழுதி முடித்தது ஒன்றே ஒன்றுதான். அது அண்ணனின் கதை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் ஒரு கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவர், தனியாக. முதலில் போய்ச் சேர்ந்தவன் அண்ணன்தான். லிஃப்ட்டின் பிரேக் இரும்புப் பிடியாகப் பிடித்திருந்தது; ஒற்றை ஆளால் அதை அசைக்க முடியாது, குழு வர வேண்டும். கதவை ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் நெம்ப முடிந்தது. உள்ளே பெரியவர் நெஞ்சு வலிக்கிறது என்றார். அண்ணன் குப்புறப் படுத்து இடுக்கு வழியே கையை விட்டான். அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கேட்டால்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதன் அன்றைக்கு வாய் ஓயாமல் பேசினான். மகள் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தது, மாமனாரின் குறட்டை, வாயில் வந்ததையெல்லாம். குழு வந்து கதவைத் திறந்தபோது பிடித்த பிடி அப்படியே இருந்தது. உயிர்தான் இல்லை.

விசாரணை நடந்தது. அவன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? "போன மாசம் இவன்தானே அந்த லிஃப்ட்டுல கை வெச்சான்" என்று காதுபடவே பேசினார்கள். அண்ணி கடைக்குப் போவதையே கொஞ்ச காலம் நிறுத்திவிட்டாள்.

திரைக்கதையை ஒரு தயாரிப்பாளரின் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாள் வாயாடி. அங்கிருந்து உதவியாளன் கூப்பிட்டான்.

"அக்கா, சார் இவ்வளவையும் படிக்க மாட்டார். நேர்ல வந்து ஒன்லைன் சொல்லுங்க. ஹீரோ யாரு, அவனுக்கு என்ன வேணும், எது தடுக்குது, தோத்தா என்ன போகும். எல்லாம் ஒரே மூச்சுல."

கதையை எழுதியதை விட அந்த ஒரு வரி அவளைப் பாடாய்ப் படுத்தியது. துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியிடம் படித்துக் காட்டினாள்.

"ஒரு லிஃப்ட் மெக்கானிக், உள்ளே சிக்கிய முதியவரோடு பேசிக்கொண்டிருக்கிறான்."

"சரி, அப்புறம்?"

"அப்புறமும் பேசறான் அண்ணி."

"அதைத்தான் முதல்லயே சொல்லிட்டியே."

அண்ணனிடமே கேட்டாள். "அன்னிக்கு உனக்கு என்னண்ணே வேணும்னு இருந்துச்சு?"

அவன் யோசித்தான். "கையை எடுக்கணும்னு இருந்துச்சு. மரத்துப்போச்சு." விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு, "எடுக்கல" என்றான்.

கதை முழுக்க அதற்குள்தான் இருந்தது. ஆனால் எப்படித் திருப்பிப் போட்டாலும் அது ஒன்லைனாக மாட்டேன் என்றது.

தயாரிப்பாளர் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டே கேட்டார். "உட்கார்ந்து பேசறவனை ரெண்டு மணி நேரம் யாரும்மா பார்ப்பாங்க?"

"உட்காரல சார், படுத்திருந்தான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னும் மோசம்! முரண் எங்க? கேட்டதும் நிமிர்ந்து உட்கார வேண்டாமா?"

ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். அவ்வளவுதான், எழுந்து போகச் சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷ உழைப்பும் கண்ணெதிரே கைநழுவியது. அந்தப் பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

"லிஃப்ட்டை நிறுத்தினதே அவன்தான்னு வெச்சுக்கலாம் சார்."

போன் மேசைக்குப் போனது. "அப்படிப் போடு. மேல சொல்லு."

"தன் குடும்பத்தைக் கெடுத்தவனைக் கொல்ல லிஃப்ட்டை நிறுத்தும் மெக்கானிக், கதவிடுக்கில் அவன் நீட்டிய கையைப் பிடித்துவிட்டு, விடவும் முடியாமல் காப்பாற்றவும் முடியாமல் தவிக்கிறான்."

தண்ணீர் மாதிரி வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இதும்மா ஒன்லைன்!" என்றவர், அவள் எதிரிலேயே ஒரு நடிகரைப் போனில் கூப்பிட்டு அந்த வரியை ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பித்தார்.

பஸ்ஸில் பாதி தூரம் வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்பது உறைத்தது.

அண்ணன் பின்கட்டில் சோப்புத்தூள் போட்டுக் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

சொன்னாள், முதல் தடவையை விடக் குரல் தாழ்ந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு. அப்புறம் என்னாச்சுன்னு கேக்கத் தோணுது." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அண்ணி போகவில்லை. "வெளியாளுங்க சொன்னதை இல்லைன்னு சொல்லிச் சொல்லியே என் வாய் வத்திப்போச்சு. இப்ப வீட்டுக்குள்ள இருந்தே..." துணிக்கொடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் கடை திறந்ததும் திறக்காததுமாக வாயாடி உதவியாளனைக் கூப்பிட்டாள். "தம்பி, அந்த வரி வேண்டாம். பழைய கதையே இருக்கட்டும். இல்லைன்னா படமே வேண்டாம்."

"என்னக்கா நீங்க? சார் ஹீரோகிட்ட சொல்லிட்டார். ஹீரோ நாலு பேர்கிட்ட சொல்லிட்டார். நீங்க வரலைன்னா வேற ஆளை வெச்சு எழுதுவாங்க. வந்தா அவங்களோட உட்காரலாம், அவ்வளவுதான்."

கொட்டியதை அள்ள முடியுமா? இரண்டு நாள் யோசித்தாள். கூட இருந்தால் அந்தக் கை பிடிக்கிற இடத்தையாவது கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "போறேண்ணே" என்றபோது அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான்.

தயாரிப்பாளரின் அலுவலகத்தில் கதை பேச மூன்று பேர் இருந்தார்கள். அவளுடைய திரைக்கதையை அவர்களில் யாரும் பார்த்திருக்கவில்லை. வரி மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். பழிவாங்கக் காரணம் என்ன, மனைவியா தங்கையா என்று காரசாரமாகப் பேசினார்கள். கை பிடிக்கிற இடத்தைப் பற்றி அவள் இரண்டு முறை பேச்செடுத்தாள். "அதைக் கிளைமாக்ஸ்ல பார்த்துக்கலாம்" என்றார்கள்.

எழுத வந்தவர் அவளைப் பார்த்துத் திரும்பினார். "வேணும்னே லிஃப்ட்டை நிறுத்தணும்னா எங்கம்மா கை வைப்பாங்க? உங்க அண்ணனுக்கு இதே வேலைதானாமே? கேட்டுச் சொல்லுங்களேன்."

"அவர் வேலையில இருப்பாரு சார்."

"ஒரு நிமிஷம்தானே?"

மூவரும் அவளையே பார்த்தார்கள். போனை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். அவன் எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். உடனே எடுத்துவிட்டான்.

"சொல்லு வாயாடி."

"வேலையா இருக்கியாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பக்கம் யாரோ இரும்பைத் தட்டும் ஓசை கேட்டது.

"எங்க கை வெச்சா நிக்கும்னு கேக்கறாங்களா?" என்றான் அவனாகவே.

"ஆமாண்ணே."

தட்டுகிறவரை நிறுத்தச் சொன்னான் போலிருக்கிறது, ஓசை நின்றது. "படத்துல எந்த மாதிரி லிஃப்ட்டு? பழசா, புதுசா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன், வேலைக்குப் புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது போல நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். குறுக்கே பேசி நிறுத்த அவளால் ஆகவில்லை. சுவரோடு சாய்ந்து கேட்டுக்கொண்டே நின்றாள்.