ஜம்புலிங்கம் அண்ணன் காலில் இல்லாத படை

கள்ளிக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், களிம்பு கேட்டு வரும் பெண்கள் பாதிப்பேர் அது யாருக்கு என்பதில் பொய்தான் சொல்வார்கள். தெரிந்தும் மங்களம் அக்காவிடம் ஏமாந்தேன். "எங்க ஊட்டுக்காரருக்குக் கால்ல படை" என்று ஆறு மாதத்தில் மூன்று ட்யூப் வாங்கிப் போனாள். நானும் பேசாமல் எடுத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் அவள் கணவர் ஜம்புலிங்கம் அண்ணன், பாடியில் உள்ள கம்பெனியில் வேலை முடிந்து வரும் வழியில், தலைவலி மாத்திரைக்கு வந்தார். "கால் படை எப்படிண்ணே கீது?" என்றேன்.

"யாருக்குப் படை? எனுக்கு ஒண்ணும் இல்லியேம்மா." செருப்பைக் கழற்றியே காட்டிவிட்டார். இரண்டு காலும் சுத்தமாக இருந்தன.

மறுநாள் நாலாவது ட்யூபுக்கு அக்கா வந்தாள். கொடுக்கவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "படை எங்கக்கா கீது?" என்று கேட்டேன்.

"உனுக்கு இன்னாத்துக்கு அது?" என்று முறைத்தாள். நான் விடுகிற ஆளா? கடைசியில் சொன்னாள். இடது மார்க்காம்பில் மட்டும். களிம்பு போட்டால் ஆறும், விட்டால் திரும்ப வரும்.

"ஆம்பளைங்க நிக்கிற எடத்துல இத்த எப்டிடி சொல்றது? டாக்டராண்ட போனா பெரிய நோவுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம் வேற."

கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, மூன்று முறையும் வாயை மூடிக்கொண்டிருந்த என் மேல். அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா காம்புத் தோலில் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பார்ப்பதற்குப் படை மாதிரியே இருக்கும் அபூர்வமான மார்பகப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது அறுத்து எடுத்துச் சோதித்தால்தான் முழுசாகத் தெரியும் என்றார்.

ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் அந்த ரிப்போர்ட்டும் வந்தது. நோய் மார்பின் பால் குழாய்களைத் தாண்டி வெளியே பரவவில்லை. கதிர்வீச்சு கொடுத்தால் குணமாக நிறைய வாய்ப்பிருக்கிறது என்றார் டாக்டரம்மா. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

வெளியே வந்ததும் அக்கா, கூட வந்திருந்த அண்ணனிடம் மெதுவாகச் சொன்னாள்: "உன் காலு மேல பழிய போட்டுட்டேன். கோச்சுக்காத."

"என் கால இன்னா வேணா சொல்லிக்க. ஆறு மாசம் நீ ஒண்டியா பயந்துகினு இருந்தியே. பக்கத்துலயே இருந்தும் எனுக்குத் தெரியாம போச்சே. அத்த நெனச்சாதான் தாங்கல."